இரவு பத்து மணிக்கு வீடு எவ்வளவு தூரம்?

கேள்வி: அன்புள்ள அம்மா, நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு பெருநகரப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். தங்குவதற்கு மூன்று இடங்கள் கைவசம் உள்ளன. முதலாவது பல்கலைக்கழக விடுதி. ஆய்வுக்கூடத்திலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் சிறிய அறை, இன்னொரு மாணவியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், சமையலறை கிடையாது. இரண்டாவது, மூன்று மாணவிகள் சேர்ந்து எடுத்திருக்கும் வீட்டில் நான்காவது ஆளாகத் தனி அறை. ஒரே ரயில், வாசலிலிருந்து வாசல்வரை முப்பத்தைந்து நிமிடம். அவர்களை எனக்கு முன்பின் தெரியாது. மூன்றாவது, நகரத்தின் வெளி விளிம்பில் உறவினர் வீட்டு மாடி முழுவதும் எனக்கே. வாடகை மற்றவற்றில் பாதிகூட இல்லை. ஆனால் பஸ், ரயில், மறுபடி பஸ் என்று ஒன்றேகால் மணி நேரம். 'ரயிலில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாமே, பணமும் மிச்சம், பாதுகாப்பும் உண்டு' என்கிறார் அப்பா. எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். சுற்றி வளைக்காமல் என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு விடுதியில் இருங்கள். அந்த ஓராண்டில் நகரத்தையும் உங்கள் துறையையும் தெரிந்துகொண்டு, இரண்டாம் ஆண்டில் நீங்களே பழகித் தேர்ந்த தோழிகளோடு, ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு வீட்டுக்கு மாறுங்கள். உறவினர் வீட்டு மாடியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆனால் மனக்கசப்பு வராமல் விடுங்கள். ஆய்வேட்டை உட்கார்ந்து எழுதும் ஆண்டு வரும்போது அந்த மாடி உங்களுக்குப் பெரிய வரமாக இருக்கக்கூடும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். 'வீடு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு என் அறைக்கு யாரும் வந்ததில்லை. தூக்கம் வருவதில்லை, வழிகாட்டியைப் பார்த்துப் பேசவே முடிவதில்லை, துறையில் ஒருவரையும் தெரியாது, படித்தது மனத்தில் நிற்பதில்லை என்றுதான் வருவார்கள். 'நேற்று எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தீர்கள்?' என்று கேட்பேன். பாதிக் கதை அந்தப் பதிலிலேயே வெளிவந்துவிடும். அதனால் உங்கள் கேள்வியைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. எந்தத் தலைப்பில் ஆய்வு செய்வது என்பதற்கு அடுத்தபடியாக, எங்கே தங்குவது என்பதுதான் இந்த ஐந்து ஆண்டுகளை ஆட்டிப்படைக்கும்.

மூன்றாவது இடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் அதற்குத்தான் ஆதரவு இருக்கிறது. நானும் என் ஆய்வுக் காலத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் வெகு தொலைவில் இருந்தேன். நல்ல வீடு. காற்று வரும், வெளிச்சம் வரும், பெரிய மேசை ஒன்று இருந்தது. அந்த மேசையில் நான் உட்கார்ந்த மாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைசி இணைப்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏழே முக்காலுக்குத் துறையிலிருந்து கிளம்பியாக வேண்டும். ஏழு மணியிலிருந்தே கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விடும். வியாழக்கிழமை மாலைக் கருத்தரங்கு முடிந்ததும், எல்லோரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேச உட்காருவார்கள். பேச்சாளரே அப்போதுதான் மேடையில் சொல்லாத சங்கதிகளைச் சொல்லத் தொடங்குவார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்தபடி, கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு வெளியே வருவேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் சிரிப்பொலி படிக்கட்டு வரைக்கும் கேட்கும். இரண்டு ஆண்டுகள் அந்தச் சிரிப்பைப் படிக்கட்டிலிருந்தே கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஆய்வு மாணவரின் நாளில் அட்டவணைக்கு உட்பட்ட நேரம் மிகக் குறைவு. வகுப்பும் வழிகாட்டியுடனான சந்திப்பும் போக மற்றதெல்லாம் திட்டமிடாத நேரம். ஆய்வு வளர்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பக்கத்து மேசைக்காரர் தன் வரைபடத்தைக் காட்டி 'இதைப் பாரேன்' என்று கூப்பிடுவதும், மூத்த மாணவி ஒருவர் கருவியைப் பிரித்துத் துடைக்கும்போது கூட நின்று பார்ப்பதும், ஆறு மணிக்கு மேல் வழிகாட்டி ஓய்வாக அகப்படுவதும் எந்த அட்டவணையிலும் இராது. தூரத்தில் இருப்பவர் வகுப்பை இழக்க மாட்டார், சந்திப்பையும் இழக்க மாட்டார். இவற்றை மட்டும் இழப்பார். இழப்பது அவருக்கே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மூன்றாவது வீட்டுக்கும் இரண்டாவது வீட்டுக்கும் ஒரு வழிப் பயணத்தில் 40 நிமிட வித்தியாசம். போக வர 80 நிமிடம். ஆண்டுக்கு 240 நாட்கள் துறைக்குப் போனால் 320 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் அது 40 நாட்கள். ஐந்து ஆண்டுகளில் 200 வேலை நாட்கள். விடுதியோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 520 மணி நேரம் போகிறது. வாடகையில் மிச்சமாகும் தொகையை இந்த மணி நேரங்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தை எவ்வளவுக்கு விற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணை அப்பாவிடமும் காட்டுங்கள்.

'ரயிலில் படிக்கலாம்' என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரே வண்டியில், உட்கார இடம் கிடைத்து, ஒரு மணி நேரம் போவதாக இருந்தால் நானே அதை ஆதரிப்பேன். உங்கள் பயணம் அப்படி இல்லை. பஸ், ரயில், பஸ். ஒவ்வொரு துண்டும் இருபது, முப்பது நிமிடம். புத்தகத்தைத் திறந்து, விட்ட பத்தியைத் தேடிப் பிடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். கூட்ட நேரத்தில் ஒரு கை கம்பியில், மறு கை பையில். ஆய்வுக் கட்டுரை என்பது கதைப் புத்தகம் போலப் படிக்கக்கூடியதும் அல்ல. பக்கத்தில் தாள் வைத்துக் குறிப்பெடுத்து, பின்னால் போய், முன்னால் வந்து படிக்க வேண்டியது. பயணத்தில் கேட்கலாம், பார்க்கலாம், கண்ணை மூடி ஓய்வெடுக்கலாம். ஆய்வுக்கான படிப்பு அங்கே நடக்கும் என்று நம்பி வீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வண்டி மாறுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீராக வந்தால், எப்போது போய் நின்றாலும் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். ஆனால் நெரிசலில் பஸ்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஐந்து நிமிட இடைவெளியில் ஒன்று, அதற்கடுத்தது முப்பத்தைந்து நிமிடம் கழித்து என்று மாறி மாறி வந்தால், நாற்பது நிமிடத்தில் இரண்டு பஸ் என்ற கணக்கு அப்படியே இருக்கும். ஆனால் நீங்கள் நிறுத்தத்துக்கு வரும் கணம் அந்த நீண்ட இடைவெளிக்குள் விழும் வாய்ப்பு எட்டில் ஏழு. சராசரிக் காத்திருப்பு பதினைந்து நிமிடத்தைத் தாண்டிவிடும். பஸ் எண்ணிக்கை குறையவில்லை, உங்கள் காத்திருப்பு மட்டும் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் காத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரம் என்று வரைபடம் காட்டுவது நல்ல நாளின் கணக்கு. அதனால் வீடு பார்க்கும்போது நிமிடத்தை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை முறை வண்டி மாற வேண்டும், ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் கேளுங்கள்.

இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். மனிதர்கள் பயணத்துக்காக ஒரு நாளில் ஒதுக்குவது, போக வர எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994இல் எழுதினார். வாகனங்கள் வேகமானால் மக்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிற அளவுக்கு இன்னும் தள்ளிக் குடியேறுகிறார்கள் என்பது அவர் கருத்து. சுவிட்சர்லாந்தின் பொருளாதார அறிஞர்கள் அலோய்ஸ் ஸ்டட்சரும் புருனோ ஃப்ரேயும் ஜெர்மனியில் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுக்கப்பட்ட குடும்ப ஆய்வின் தரவுகளைப் பார்த்தார்கள். நெடுந்தூரம் பயணம் செய்கிறவர்களுக்கு மலிவான வாடகையோ கூடுதல் சம்பளமோ அந்தச் சிரமத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும் அல்லவா? ஈடுகட்டவில்லை. பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கை குறித்த மனநிறைவு குறைந்தே இருந்தது. 2008இல் வெளியான கட்டுரை அது. வீடு தேர்ந்தெடுக்கும்போது பெரிய அறை கண்ணுக்குத் தெரிகிறது, வாடகை தாளில் தெரிகிறது, பயணத்தின் களைப்பு மட்டும் தெரிவதில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் துறைக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. வரலாறோ கணிதமோ படிக்கிறவர் பையில் வேலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நீங்கள் உயிரோடு இருக்கும் ஒன்றை வளர்க்கப் போகிறீர்கள். ஈ.கோலை என்ற பாக்டீரியா, நல்ல ஊட்டக் கரைசலில், 37 டிகிரி செல்சியஸில், ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அதன் வளர்ச்சி வளைகோட்டை வரைய அரை மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் கருவி காலியாக இல்லாமல் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினீர்களானால் இரவு பத்து மணி ஆகிவிடும். நடுவில் 'என் பஸ் போய்விடும்' என்று குடுவையிடம் சொல்ல முடியாது. காசநோய்க் கிருமி போன்றது என்றால் கதை வேறு. அது ஒருமுறை இரட்டிக்கவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், தட்டில் திட்டுகளாகத் தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கே இரவு வேலை குறையலாம். எனவே வீட்டை முடிவு செய்யும் முன் உங்கள் வருங்கால ஆய்வுக்கூடத்தில் மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவிக்கு எழுதிக் கேளுங்கள்: 'வாரத்தில் எத்தனை நாள் எட்டு மணிக்கு மேல் இருக்க வேண்டியிருக்கிறது? சனி, ஞாயிறு வர வேண்டியிருக்கிறதா?' இந்த இரண்டு கேள்விக்கும் வரும் பதில், நான் இங்கே எழுதுகிற அனைத்தையும்விடப் பயன்படும்.

இப்போது விடுதி. அறை சிறியது, இன்னொருவர் இருப்பார், சமையலறை இல்லை. மூன்றும் உண்மையான குறைகள். இருந்தும் ஏன் விடுதி என்கிறேன்?

புது நகரத்தில் யாரையும் தெரியாமல் போய் இறங்குகிறீர்கள். நட்பு எப்படி உருவாகிறது என்பதற்கு, மாணவர் குடியிருப்பிலேயே செய்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் பலர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படிக்க வந்தார்கள். மணமான மாணவர்களுக்கென்று வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பு இருந்தது. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் மூவரும் அங்கே யார் யாருக்கு நண்பர் என்று கேட்டுத் தொகுத்து 1950இல் வெளியிட்டார்கள். வீடுகளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, காலியாக இருந்ததைக் கொடுத்தார்கள். அடுத்த கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்கள் என்று சொல்லப்பட்டார்கள். இரண்டு கதவு தள்ளியிருந்தால் 22 சதவீதம். ஒரே தளத்தின் இரு கோடிகளில் இருந்தால் 10 சதவீதம். கதவுக்கும் கதவுக்கும் இடையே இருந்த தூரம் 19 அடிதான்! மாடிப்படியின் அருகிலும் தபால் பெட்டிகளின் அருகிலும் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள், ஏனென்றால் அந்த வழியாக எல்லோரும் போய்வர வேண்டியிருந்தது.

இதை நான் பல ஆண்டுகளாகக் கண்ணால் பார்த்து வருகிறேன். முதல் ஆறு மாதத்தில் கிடைக்கும் நண்பர்கள்தான் மூன்றாம் ஆண்டில் சோதனை தோற்கும்போது கூட இருப்பார்கள். வேறு துறை மாணவர்களை அறிந்துகொள்ள விடுதியைவிட நல்ல இடம் கிடையாது. அது பெரிய பேறு. உங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே கவலை, ஒரே வழிகாட்டி. வேறொரு துறைக்காரியிடம் உங்கள் வழிகாட்டியைப் பற்றி மனம்விட்டுப் பேசலாம்.

அறைத்தோழி விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். 'நல்ல பெண்ணா' என்று விசாரிக்காதீர்கள், எல்லோரும் நல்லவர்கள்தான். எத்தனை மணிக்குத் தூங்குவார், விளக்கு எரிந்தால் தூக்கம் வருமா, அலாரத்தை எத்தனை முறை அடிக்க விடுவார், இரவில் போனில் பேசும் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். இந்த நான்கிலும் ஒத்துப்போனால் குணம் சற்று மாறுபட்டாலும் ஓட்டிவிடலாம். உங்களுக்குப் பிறர் இருக்கும் அறையில் தூக்கமே வராது என்றால் மட்டும் என் யோசனையை மாற்றிக்கொண்டு நேரே இரண்டாவது வீட்டுக்குப் போங்கள். தூக்கத்தைப் பணயம் வைத்து எந்த இடத்தையும் எடுக்கக் கூடாது.

விடுதியில் இருப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் என்னிடம் வந்தார். ஆய்வுக்கூடத்துக்கும் அறைக்கும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிட வழியைத் தவிர நகரத்தில் எதையும் அவர் ஏழு மாதங்களாகப் பார்க்கவில்லை. தூக்கம் வராத இரவுகளில் எழுந்து ஆய்வுக்கூடத்துக்கே போய்விடுவார். முகத்தில் வெயில் பட்டே நாளாகியிருந்தது. வேலையிலிருந்து உடம்பை அப்புறப்படுத்தக் கொஞ்சம் தூரம் வேண்டும். வீடு அதைத் தராதபோது நீங்களாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும். விடுதிக்குப் போனால், வாரத்தில் ஒரு நாள் முழுவதும் வளாகத்துக்கு வெளியே இருப்பது என்று முதல் வாரத்திலேயே வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அந்த நாளில் நகரத்தின் வெவ்வேறு பகுதிகளைச் சுற்றிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டுக்கு வீடு தேடும் வேலையும் அதிலேயே நடந்துவிடும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அமெரிக்காவில் பொதுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்காக வந்த வரம்பு. 1969இல் 25 சதவீதம் என்று வைத்தார்கள், 1981இல் 30 ஆக்கினார்கள். ஆய்வு உதவித்தொகையில் வாழும் தனி ஆளுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்த்து மனம் கலங்க வேண்டாம். பெருநகரத்தில் பல மாணவர்கள் அந்த வரம்பைத் தாண்டித்தான் கொடுக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. வாடகை, பயணச் செலவு, வெளியில் சாப்பிடும் செலவு, இரவில் வண்டி தவறினால் ஆகும் வாடகைக் கார் செலவு ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் எழுதிக் கூட்டுங்கள். மூன்று இடங்களுக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால், வாடகையில் பாதியாக இருந்த வீடு கூட்டுத்தொகையில் அவ்வளவு மலிவாக இராது. விடுதிக்குச் சமையலறை இல்லாத செலவு ஏறும், அதையும் நேர்மையாகச் சேருங்கள். உதவித்தொகை சில மாதம் தாமதமாக வரும். எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு மாத வாடகை கையிருப்பில் இருக்கட்டும். அதற்கு இடம் தராத வாடகை உங்களால் தாங்க முடியாத வாடகை.

இரண்டாவது வீட்டை இந்த ஆண்டே எடுக்க நேர்ந்தால், அல்லது அடுத்த ஆண்டு அதைப் போன்ற ஒன்றைப் பார்க்கும்போது, நேரில் போகாமல் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். வேறு ஊரில் இருக்கிறீர்கள், இன்னொருவர் கேட்கிறார், இன்றே அனுப்பினால்தான் அறை என்று யாராவது அவசரப்படுத்தினால் அதுவே விலகி ஓடுவதற்கான காரணம்.

ஞாயிறு காலை போகாதீர்கள். எந்த வீடும் ஞாயிறு காலையில் நன்றாகத்தான் இருக்கும். வேலை நாளில், நீங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பக்கூடிய நேரத்தில், அதே ரயிலில் ஏறிப் போங்கள். இரவு ஒன்பதரை, பத்து. நிலையத்தில் இறங்கி வீட்டு வாசல்வரை நடந்துபாருங்கள். எந்தக் கடைகள் திறந்திருக்கின்றன, எந்த இடத்தில் விளக்கு அணைந்திருக்கிறது, பாதையில் எத்தனை பேர் நடக்கிறார்கள், நீங்கள் உங்களை அறியாமல் வேகமாக நடக்கத் தொடங்கிய இடம் எது என்று கவனியுங்கள். அந்தக் கடைசி நானூறு மீட்டர்தான் வீட்டின் உண்மையான தூரம். பத்து நிமிட இருட்டு நடையை விட, பயணம் பதினைந்து நிமிடம் கூடினாலும் வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள பாதை மேலானது.

அறைக்குள் போனதும் பேச்சை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர்ந்து இருக்கும் ஓசை 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. கிசுகிசுத்துப் பேசும் அளவு அது. பெருநகரத்தில் அதை எட்டுவது கடினம்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் லிஃப்டின் ஓசை, மேல்வீட்டு நாற்காலி இழுபடுவது, தெரு முனையில் லாரி கியர் மாற்றுவது எல்லாம் காதில் விழுந்துவிடும். அலமாரியைச் சற்று நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள். புது வண்ணம் ஒரே ஒரு மூலையில் மட்டும் அடித்திருந்தால் அங்கே ஈரம் இருக்கிறது. கையை வைத்தால் தெரியும். மேசை எங்கே போடுவீர்கள், அங்கே வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பாருங்கள். மற்றவையெல்லாம் பழகிவிடும்.

ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நான்கு பேரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறீர்களா, ஆளுக்கொரு ஒப்பந்தமா என்று கேளுங்கள். ஒரே ஒப்பந்தம் என்றால், ஒருத்தி நடுவில் கிளம்பிவிட்டால் அவள் பங்கையும் மீதி மூவரும் கட்ட வேண்டி வரலாம். ஆய்வு மாணவர்களில் களப்பணிக்குப் போகிறவர்களும் படிப்பை விடுகிறவர்களும் உண்டு, எனவே இது நடக்கக்கூடியதுதான். எத்தனை மாத அறிவிப்புக் கொடுத்து விலகலாம், உங்களுக்குப் பதில் வேறொருவரைக் கொண்டுவரலாமா என்பது எழுத்தில் இருக்கட்டும். உள்ளே போகும் நாளன்று சுவர், தரை, குழாய், பூட்டு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்பாவைப் பற்றி. அவருடைய கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். உறவினர் வீடு பாதுகாப்பு என்று அவர் நினைப்பது வீட்டுக்குள் இருக்கும் நேரத்தை வைத்து. நீங்கள் வீட்டுக்கு வெளியே, இரவில், இரண்டாவது பஸ்ஸுக்காக நிற்கும் நேரம் அவர் மனக்கண்ணில் இல்லை. அதைச் சண்டையாகச் சொல்லாமல் காட்டிவிடுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரையே அழைத்துப் போங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூட வாசலில் தொடங்கி உறவினர் வீட்டு மாடி வரை இருவரும் பயணம் செய்யுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் விடுதி வரை நடந்து போங்கள். பிறகு அவரே சொல்லட்டும். உறவினரிடம், மாதத்தில் இரண்டு வாரக் கடைசிகளில் வந்து தங்குகிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். நல்ல சாப்பாடும், அமைதியும், உங்களை ஆய்வு மாணவி என்று பார்க்காமல் குழந்தையாகப் பார்க்கும் மனிதர்களும் உங்களுக்குத் தேவைப்படும்.

ஏனென்றால் ஆய்வுப் படிப்பு ஐந்து ஆண்டும் ஒரே மாதிரி இருக்காது. முதல் ஆண்டு ஆட்களைத் தெரிந்துகொள்ளும் காலம், கருவிகளைப் பழகும் காலம். அப்போது அருகில் இருக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுகளில் சோதனை நடக்கும், உங்களுக்கென்று ஒரு வாழ்க்கையும் வேண்டும். முப்பது, முப்பத்தைந்து நிமிடத்தில் தனி அறையும் சமையலறையும் நல்ல தோழிகளும் அப்போது பொருந்தும். கடைசி ஆண்டில் சோதனைகள் முடிந்து, வாரம் ஒருமுறை வழிகாட்டியைப் பார்த்தால் போதும் என்ற நிலை வரும். அப்போது அந்த மாடியும், காற்றும், குறைந்த வாடகையும் எவ்வளவு அருமையானவை என்று தெரியும். அதனால் ஐந்து ஆண்டுக்குமான வீட்டை இன்று தேட வேண்டாம், பதினொரு மாதத்துக்கானதைத் தேடினால் போதும்.

விடுதி அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள். அறை ஒதுக்கீட்டுக்குக் கடைசித் தேதி எது, இரண்டாம் ஆண்டில் விலகினால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, இரவில் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும் மாணவிகளுக்கு வாசல் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள். சில விடுதிகளில் ஒன்பது மணிக்கே கதவைச் சாத்திவிடுவார்கள். அப்படி ஒரு விதி இருந்து, ஆய்வு மாணவிகளுக்கு விலக்கும் இல்லை என்றால் பத்து நிமிட தூரம் உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது. இரண்டாவது வீட்டைப் பார்க்க, நான் சொன்ன நேரத்தில், கிளம்பிவிடுங்கள்.